கண்ணாடி எந்தப் பக்கம் விழும்

ஐ.நா. என்று அவருக்குப் பெயர் வைத்தது அவருடைய மச்சான்தான். மனைவியின் தம்பி. வீட்டுக்குள் நுழையும்போதே, "ஐ.நா. இருக்காரா, இல்ல எங்கயாவது போரை நிறுத்தப் போயிட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே வருவான். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஜன்னலுக்குக் கண்ணாடி போட வேண்டுமென்றால் ஐ.நா.வைக் கூப்பிடு என்று கடைத்தெருவே சொல்லும். அவருக்கும் அந்தப் பெயரில் உள்ளூர ஒரு பெருமை உண்டு. பின்னே, காலையில் பல் துலக்குவதற்கு முன்பே இரண்டு நாட்டுத் தலைவர்களைக் கண்டித்துவிட்டு வருகிற மனுஷனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் மூன்று தடவை அளந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணாடி வெட்டும் கட்டரை இழுக்கிற இடத்தில், அவர் பேசிக்கொண்டே இழுத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டுவார். கண்ணாடி சொன்ன பேச்சு கேட்கும். கேட்காதவர்கள் எல்லாம் இணையத்தில் இருந்தார்கள். ஏணியில் நிற்கும்போதுகூட ஒரு கையில் சிலிகான் குழாயும் மறு கையில் கைபேசியுமாக நின்று பதில் போட்டுக்கொண்டிருப்பார்.

தூரத்தில் ஒரு நாட்டில் போர் மூண்டபோது அவர் ஒரு பக்கம் சேர்ந்தார். ஏன் அந்தப் பக்கம் என்று யாராவது கேட்டால் எல்லை, ஒப்பந்தம், எண்ணெய்க் குழாய் என்று மூச்சு விடாமல் பேசுவார். உண்மை அவ்வளவு நீளமில்லை. மச்சான் முந்திக்கொண்டு எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட்டான். அவ்வளவுதான் விஷயம்.

அந்த மச்சான் ஒரு நாள் அவர்கள் இருவரும் இருந்த இணைய விவாதக் குழுவில் ஒரு படத்தைப் போட்டான். குண்டு விழுந்த தெருவில் ஒரு வீடு. ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. கோட்டு போட்ட ஒரு பெண் கையில் துடைப்பத்தோடு வாசலில் நிற்கிறாள். அவள் காலைச் சுற்றித் தெருவெல்லாம் கண்ணாடித் துண்டுகள். கீழே, "இதுக்கு என்ன சொல்றீங்க மாமா?" என்று கேட்டிருந்தான்.

ஐ.நா. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. உட்கார்ந்து எழுதினார். "கண்ணாடியில் வயிறு வளர்ப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன். குண்டு விழுந்தது தெருவில். வெளியிலிருந்து அடித்தால் கண்ணாடி வீட்டுக்குள்தான் விழும். இங்கே எல்லாம் வெளியே கிடக்கிறது. ஆக, உள்ளே நின்றுகொண்டு சுத்தியலால் உடைத்திருக்கிறார்கள். படம் எடுப்பதற்காக!"

பதிவு பற்றிக்கொண்டது. முன்பின் தெரியாதவர்கள் அதை எடுத்துப் போட்டார்கள். யாரோ வேற்றுமொழியில் பெயர்த்தார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவரைக் 'கண்ணாடி நிபுணர்' என்று எழுதினார்கள். மச்சான் வாயை மூடிக்கொண்டான். மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் இனித்தது.

சில நாள் கழித்து அந்தப் பதிவின் கீழே ஒரு புதுப் பெயரில், புரியாத எழுத்தில் ஒரு நீளமான பின்னூட்டம் வந்தது. மொழிபெயர்க்கும் பொத்தானை அழுத்தினார். முதல் இரண்டு வரி தெரிந்தது. "ஐயா, அந்தப் படத்தில் நிற்பவள் நான்தான். அது என் வீடு." மீதியைப் படிக்க 'மேலும் காண்க' என்பதை அழுத்த வேண்டும். அதற்குள் அவருக்குப் பதில் வந்துவிட்டது. நல்ல பதில் வந்துவிட்டால் ஐ.நா.வால் அடக்க முடியாது. "நடிப்பு பிரமாதம் அம்மா! அடுத்த படப்பிடிப்புக்குக் கண்ணாடி வேணும்னா சொல்லுங்க, சல்லிசா போட்டுத் தர்றேன்" என்று தட்டிவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் வரிசை கட்டி வந்தன.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நிஜமாவே அவங்க வீடா இருந்தா?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா இரு" என்றார்.

அந்தப் பெண் அதற்குப் பிறகு எழுதவில்லை. மாட்டிக்கொண்டதும் ஓடிவிட்டாள் என்று குழுவில் பேசிக்கொண்டார்கள்.

பல மாதம் ஓடியது. ஒரு நாள் காலை, கடைத்தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் உணவுக்கடையில் எரிவாயு சிலிண்டர் வெடித்தது. நல்ல வேளையாகக் கடையைத் திறப்பதற்கு முன்பே. மதியத்துக்குள் ஐ.நா.வுக்கு அழைப்பு வந்தது. கூப்பிட்டவர் அந்த உணவுக்கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர். அவரும் அந்த விவாதக் குழுவில் இருந்தார். ஐ.நா. எதை எழுதினாலும் முதல் ஆளாகக் கைதட்டுகிறவர்.

"அண்ணே, கண்ணாடி போடுறது அப்புறம். முதல்ல ஒரு பஞ்சாயத்து இருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார்.

கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் இஸ்திரிக் கடை. அதை நடத்தும் அம்மா முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, தூசி படிந்த சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள். கடையின் பெரிய முன்கண்ணாடி போயிருந்தது. தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இங்க பாருங்கண்ணே" என்று கட்டடக்காரர் ஆரம்பித்தார். "வெடிச்சது எதிர்த்தாப்புல. அப்ப கண்ணாடி எங்க விழணும்? உள்ள விழணும். இங்க அத்தனையும் ரோட்டுல கிடக்கு. விரிசல் விட்டிருக்கு, மாத்திக் குடுங்கன்னு இந்தம்மா ரொம்ப நாளா நச்சரிச்சுக்கிட்டிருந்துச்சு. இன்னைக்குச் சான்ஸ் கிடைச்சதும் உள்ள இருந்து இஸ்திரிப் பெட்டியால ஒரே போடு. கடையைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டேன். நீங்க எழுதினதைத்தான் எல்லார்கிட்டயும் படிச்சுக் காமிச்சேன்."

கையில் கைபேசியை வைத்திருந்தார். திரையில் ஐ.நா.வின் பதிவு.

"நான் எதுக்கு என் பொழப்பை நானே உடைக்கப் போறேன்?" என்றாள் இஸ்திரி அம்மா. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. "ஒரு தள்ளு தள்ளுச்சு. கண்ணாடி நொறுங்குற சத்தம் கேட்டுச்சு, ஆனா விழல. அடுத்த நொடியே எதையோ பிடிச்சு வெளிய இழுத்த மாதிரி மொத்தமும் போயிடுச்சு. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

ஐ.நா. சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். கண்ணாடி உட்காரும் பள்ளமான காடியில் மாட்டியிருந்த சில்லுகள் தெருப் பக்கம் சாய்ந்திருந்தன. கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டை வெளிப்பக்கமாகப் பிய்ந்து தொங்கியது. உள்ளே நின்று தட்டினால் ஒரு இடத்தில் ஓட்டை விழும், ரப்பர் இப்படிப் பிய்ந்து வராது. அவர் தலையைத் திருப்பிப் பக்கத்துக் கடையைப் பார்த்தார். அது வாடகைக்கு ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் கடை. பூட்டில் துரு ஏறியிருந்தது. அதன் கண்ணாடியும் தெருவில்தான் கிடந்தது.

அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. வெடி முதலில் தள்ளுகிறது. தள்ளிய காற்று திரும்பி வரும்போது இழுத்துக்கொண்டு போகிறது. இவ்வளவுதான். கண்ணாடியிலேயே வாழ்ந்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. காரணம் எளிது, அவர் வாழ்நாளில் குண்டு விழுந்த தெருவில் வேலை பார்த்ததே இல்லை. ஒன்றும் தெரியாத ஒரு விஷயத்தில் நிபுணர் என்று பெயர் வாங்கியிருக்கிறார்.

"இந்தம்மா உடைக்கல" என்றார். "பூட்டின கடைக்குள்ள யாரு போய் உடைச்சா? இது வெடியில இழுத்துக்கிட்டுப் போனது."

கூட்டம் பக்கத்துக் கடையைப் பார்த்தது. கட்டடக்காரரின் முகம் சுருங்கியது. "அப்ப... நீங்க எழுதினது?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கூடவே மச்சானின் முகமும் வந்தது.

"அது வேற, இது வேற" என்றார் ஐ.நா. "அது குண்டு. இது சிலிண்டர். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

"அதானே பார்த்தேன்" என்று கட்டடக்காரர் நிம்மதியாகக் கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். காலி பண்ணச் சொன்னதையும் அங்கேயே வாபஸ் வாங்கினார். இஸ்திரி அம்மா ஓடிவந்து, "நீங்க மட்டும் வரலேன்னா என் பேச்சு எடுபட்டிருக்காதுண்ணே" என்று அழுதாள். ஐ.நா. அளவெடுக்கும் நாடாவை விரித்து, மடக்கி, மறுபடியும் விரித்தார். அளவு மனதில் நிற்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தவர் கைகால்கூடக் கழுவாமல் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்தார். அந்தப் பெண்ணின் பின்னூட்டத்துக்குப் போனார். இந்த முறை 'மேலும் காண்க' என்பதை அழுத்தினார்.

"ஐயா, அந்தப் படத்தில் நிற்பவள் நான்தான். அது என் வீடு. நீங்கள் நம்பாவிட்டால் பரவாயில்லை, அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. நீங்கள் கண்ணாடி வேலை செய்பவர் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் இருந்த கண்ணாடி வேலைக்காரர்கள் போய்விட்டார்கள். குளிர் ஆரம்பித்துவிட்டது. பிளாஸ்டிக் தாளை ஒட்டினால் இரவுக் காற்றில் கிழிந்துவிடுகிறது. ஜன்னலை எப்படி அடைப்பது என்று சொல்ல முடியுமா?"

அதற்கு நேர்கீழே அவருடைய பதில் இருந்தது. சல்லிசா போட்டுத் தர்றேன். அதைத் தொடர்ந்து அத்தனை மஞ்சள் முகங்கள்.

ஐ.நா. கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். உடம்பெல்லாம் கூசியது. வீட்டில் அப்போது யாரும் இல்லை, ஆனாலும் முகத்தை மூடிக்கொண்டார். சண்டைக்கு வந்தவள் என்று நினைத்திருந்தார். அவள் அவரிடம் தொழில் உதவி கேட்டுத்தான் வந்திருக்கிறாள், இஸ்திரிக் கடைக்கு அவரைக் கூப்பிட்டதைப் போல. அவளுக்குப் பதில் சொல்ல அவருக்குக் கால் மணி நேரம் ஆகியிருக்காது. இப்போது அங்கே குளிர்காலம் முடிந்தே போயிருக்கும்.

அன்றைக்கே எழுதினார். முதலில் பொதுவாக ஒரு பதிவு. "நண்பர்களே, கண்ணாடி எந்தப் பக்கம் விழும் என்று நான் எழுதியது தவறு. வெடி இழுக்கவும் செய்யும். இன்று கண்ணால் பார்த்தேன். அந்தப் படம் உண்மையாக இருக்கவே எல்லா வாய்ப்பும் உண்டு." பிறகு அந்தப் பெண்ணின் பின்னூட்டத்துக்குக் கீழே நீளமாக ஒன்று. காடியில் மிச்சமிருக்கும் சில்லுகளை ஈரத்துணி சுற்றிய கையால் எடுங்கள். பிளாஸ்டிக் தாளின் ஓரத்தை இரண்டாக மடித்து, அதன் மேல் மெல்லிய மரச்சட்டம் வைத்து ஆணி அடியுங்கள், வெறும் டேப் நிற்காது. தொய்வாக விடாதீர்கள், காற்றில் படபடத்துக் கிழியும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு தாள் போட்டால் குளிர் குறையும். எழுதி முடித்தபோது விரல் வலித்தது.

குழுவில் அடுத்த நாள் அவரைப் பிய்த்து உதறினார்கள். எவ்வளவு வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். யாரோ அவருடைய கணக்கைத் திருடிவிட்டதாக ஒருவர் எச்சரித்தார். இன்னொருவர் அவருடைய பழைய பதிவையே கொண்டுவந்து போட்டு, "உளறாதீர்கள், இதைப் படியுங்கள், ஒரு நிபுணர் எழுதியது" என்று அவருக்கே பாடம் எடுத்தார். கட்டடக்காரர் ஒன்றும் எழுதவில்லை. இஸ்திரிக் கடைக்குக் கண்ணாடி போட வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டதாக மட்டும் சேதி அனுப்பினார்.

சாயங்காலம் மச்சான் வந்தான். ஐ.நா. தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு கிண்டல் செய்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மாமா, அந்தப் படத்தை நான் ஏன் போட்டேன் தெரியுமா? உங்களை மடக்கறதுக்கு. அந்தப் பொம்பளை யாரு, என்ன ஆனாங்கன்னு நானும் ஒரு நாள்கூட யோசிக்கல" என்றான்.

அப்போது கைபேசி அதிர்ந்தது. அவளிடமிருந்து பதில். ஐ.நா. பொத்தானை அழுத்தி முழுவதும் படித்தார்.

"விளக்கமாக எழுதியதற்கு நன்றி. அந்த வீட்டை விட்டு நாங்கள் போய்விட்டோம். இப்போது நிலவறையில் இருக்கிறோம், இங்கே ஜன்னல் இல்லை. ஜன்னல் இருப்பவர்களுக்கு உங்கள் குறிப்பைக் கொடுத்திருக்கிறேன்."

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த மனைவியிடம் அவர் கைபேசியை நீட்டினார். அவள் அதைப் படித்தாள். பிறகு மேலே தள்ளி, அவர் எழுதிய ஆணி, மரச்சட்டம், இரண்டு தாள் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். இன்னும் மேலே போய் அந்தச் சல்லிசு பதிலையும் படித்தாள். மறுபடி கீழே வந்தாள்.

"எல்லாம் எழுதியிருக்கீங்க" என்றாள். "இவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டது எங்க இருக்கு?"

ஐ.நா. கைபேசியை வாங்கித் தேடினார். நண்பர்களே என்று ஊருக்கு எழுதியதில் தவறு என்ற வார்த்தை இருந்தது. அது கண்ணாடியைப் பற்றிய தவறு. அவளுக்கு எழுதியதில் தொழில் மட்டும்தான் இருந்தது. நடிப்பு பிரமாதம் அம்மா என்று சொன்னதற்கு ஒரு வார்த்தைகூட எங்கேயும் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டதாகத்தான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் எழுந்து வெளியே போனான். ஐ.நா. எழுத ஆரம்பித்தார். எந்த நாட்டு விவகாரத்துக்கும் தடுமாறாத விரல் அன்றைக்கு ஒரு வரிக்கு அவ்வளவு நேரம் எடுத்தது. "உங்களைக் கேலி செய்தேன். நீங்கள் கேட்டதைப் படிக்காமலே கேலி செய்தேன். என்னை மன்னித்துவிடுங்கள்." அனுப்பினார்.

அவள் பார்த்துவிட்டாள் என்று கைபேசி காட்டியது. பதில் வரவில்லை. மனைவி வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதும் வந்திருக்கவில்லை. "வா, போலாம்" என்று கைபேசியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து கைகழுவப் போனார்.