சிலிக்கனுக்கு நன்றி சொன்னவர்

இராசதுரை அஜின்கோர்ட்டில் ஒரு தொழிற்சாலையில் குளிர்சாதனப் பெட்டிகளுக்குக் கதவு பொருத்துவார். அது வேலை. வாழ்க்கை என்பது நன்றியுரை. புலம்பெயர்வதற்கு முன் மட்டக்களப்பில் பரிசளிப்பு விழாவோ வாசிகசாலை ஆண்டு விழாவோ, கடைசியாக மேடைக்கு வருகிறவர் அவராகத்தான் இருந்தார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு ஸ்காபரோவில் நடந்த ஒரு கலைவிழாவில் அவருடைய நன்றியுரை நாடகத்தைவிட நீண்டுவிட்டது. மண்டபக் காவலாளி விளக்கை அணைத்தார். இருட்டில் நின்று காவலாளிக்கும் நன்றி சொன்னார். அதன் பிறகு எந்தச் சங்கமும் அவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை.

"குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லுங்க. அது எழும்பிப் போகாது" என்றார் மனைவி கோணேஸ்வரி.

டோர்செட் பார்க்கில் அவர்கள் இருந்த மாடிக் கட்டடத்திலேயே ரகுநாதனும் இருந்தான். சென்னைக்காரன், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமைகளில் ஒரு கருத்தரங்கு நடத்தினான். ஒரு பொருளை உருக்காமல், உடைக்காமல், அது எப்படி நடந்துகொள்ளும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறவர்கள் அங்கே வந்து பேசுவார்கள். கேட்க ஆள் வருவதில்லை. இப்படியே போனால் நிறுத்திவிடுவேன் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார்.

லிஃப்டில் வைத்து ரகுநாதன் கேட்டான்.

"சார், நீங்க சும்மா வந்து உக்காந்தா போதும். காபி உண்டு."

"நன்றியுரை ஆர் தம்பி?"

"அப்படி ஒண்ணும் கிடையாது சார்."

இராசதுரை அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிறகு கூட்டம் முடிஞ்சதெண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?"

அந்த வெள்ளிக்கிழமை மொன்றியலிலிருந்து வந்த ஒருவர் சிலிக்கனில் வெடிப்பு எப்படி ஓடுகிறது என்று பேசினார். "கேள்விகள் உண்டா?" என்றார் துறைத்தலைவர். யாருக்கும் இல்லை. இராசதுரை எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். பனியில் வந்த பேச்சாளருக்கு, தலைமை தாங்கியவருக்கு, காபி ஊற்றியவருக்கு, லீவு கேட்காமல் கணக்குப் போட்ட கம்ப்யூட்டருக்கு, விஞ்ஞானத்துக்காகப் பிளந்துகொண்ட சிலிக்கனுக்கு. பேச்சாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிலிக்கன் சார்பில் அவரிடம் இதுவரை யாரும் பேசியதில்லை.

செய்தி மாணவர்களிடம் பரவியது. மண்டபம் நிறையத் தொடங்கியது. ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் நிறைந்தது. நன்றியுரைக்கு மட்டும் வந்தார்கள். அதுவும் வாரத்துக்கு வாரம் நீண்டுகொண்டே போனது. கேள்வி கேட்க நேரமில்லை. அந்த ஆளை நிறுத்து, இல்லாவிட்டால் கருத்தரங்கை நிறுத்துகிறேன் என்று துறைத்தலைவர் ரகுநாதனிடம் சொல்லிவிட்டார்.

ரகுநாதன் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். இராசதுரையின் தேநீரில் ஆடை படிந்தது. கோணேஸ்வரி தொலைக்காட்சியை அணைத்தார்.

"இந்த மேடையும் போச்சுதா?" என்றார். "நன்றியைப் பேச்சுக்கு முன்னுக்கே சொல்லுங்களன். சனம் நேரத்துக்கு வரும்."

"விசர்க் கதை. கேக்காத பேச்சுக்கு ஆராவது நன்றி சொல்லுவானா?"

ரகுநாதன் நிமிர்ந்தான். "ஏன் சார்? நாங்க இன்னும் செய்யாத உலோகத்துக்கே கணக்குப் போடறோம்."

அடுத்த வெள்ளிக்கிழமை இராசதுரை முதலில் எழுந்தார். நன்றியுரை முதலில் என்று கேள்விப்பட்டு மாணவர்கள் அதற்குள் வந்துவிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் விளங்கும்படி பேசியதற்காகப் பேச்சாளருக்கு நன்றி சொன்னார். சமன்பாடுகளைக் குறைத்ததற்காக. முக்கியமாக, நேரத்துக்கு முடித்துக் கேள்விகளுக்கு இடம் விட்டதற்காக.

பேச்சாளர் தன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். பாதியை எடுத்துப் பையில் வைத்தார்.

அன்றைக்கு நிறையக் கேள்விகள் வந்தன. முடிந்ததும் துறைத்தலைவர் இராசதுரையைத் தனியே அழைத்துப் போனார். பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டரில் எந்தத் துறைக்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்கிற குழு திங்கட்கிழமை கூடுகிறது. அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன், தரப்போகிற கூடுதல் நேரத்துக்கு ஒரு நன்றி சொல்ல முடியுமா?

இராசதுரை குழுவினரின் பெயர்களைச் சரியாக எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை தொழிற்சாலைக்கு லீவு சொன்னார்.