பொன்மணிக்கு நான் பார்த்துக் கொடுத்த வகுப்பு

மட்டாஞ்சேரி பேலஸ் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள் நான். பெயர் கமலாக்ஷி. இந்தப் பக்கம் யார் என்ன வகுப்பு நடத்தினாலும் நோட்டீஸ் என் மிஷினில்தான் பிரதியாகும். அதனால் எல்லாம் எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர். அந்தத் திமிரில் நான் கெடுத்தது பொன்மணியை.

அவள் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. இருபது வயதில் கல்யாணமாகி இங்கே வந்தாள். புருஷன் வீரபாண்டி பஜார் ரோட்டில் மூட்டை தூக்கினான். நாலே வருஷத்தில் இவளை விட்டுவிட்டு தேவராவில் வேறொருத்தியோடு குடிபோனான். இவள் அழுதுகொண்டு ஊருக்குப் போகவில்லை. அவன் மூட்டை தூக்கிய அதே குடோனில் சாக்குத் தைக்க உட்கார்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் மிளகு மூட்டைக்கும் சுக்கு மூட்டைக்கும் கோணி ஊசியால் வாய் தைத்தாள். சேர்லாயில் ஓர் அறை, ஒரு ஸ்டவ், யாரிடமும் கைநீட்டாத பிழைப்பு.

போன மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. சுக்குத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, இனி குடோன் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு பிழைப்பு தேட வேண்டும். அவளுக்குத் தெரிந்ததோ ஊசியும் சணலும் மட்டும்.

அந்த வாரம் என் கடைக்கு இரண்டு நோட்டீஸ் வந்திருந்தன. ஒன்று யூதத் தெரு ஸ்டூடியோ. நூலிலும் நாரிலும் கலை, ஃபைபர் ஆர்ட் என்று கெட்டிக் காகிதத்தில் இங்கிலீஷ். ஆறு வாரம், சான்றிதழ் உண்டு, நன்றாகச் செய்கிற ஒருவருக்கு அவர்கள் கடையிலேயே வேலை. இன்னொன்று இடக்கொச்சியில் மாடத்தி என்பவள் தன் வீட்டில் நடத்தும் சணல் பை வகுப்பு. அது மலையாளத்தில், மெல்லிசுக் காகிதம். பொன்மணிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். இரண்டையும் நான்தான் வாசித்துச் சொன்னேன்.

அவள் இரண்டு இடத்துக்கும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். விவரமானவள்தான்.

"ஸ்டூடியோவுல ஏசி போட்டு ஒரு மணிநேரம் படம் காட்டுனாங்க, சேச்சி. பாதி வெளங்கல. இடக்கொச்சில போனதும் கையில ஊசியக் குடுத்து, ஒனக்கு என்ன தெரியும்னு கேட்டாங்க. எனக்கு அங்கதான் ஒத்துவரும்னு தோணுது."

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா?

"பை தைக்கப் போறயா? கோணியிலேர்ந்து தப்பிச்சு இன்னொரு கோணியா? தோப்பும்படில பஸ் வேற மாறணும். ஸ்டூடியோன்னா வெள்ளைக்கார சாயிப்பும் மதாம்மையும் வர்ற இடமாக்கும். நான் சொல்றதக் கேளு."

கேட்டாள். ரேஷன் கார்டு, கேஸ் புக், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று பத்து வருஷமாக அவளுக்கு எல்லாம் படித்துச் சொன்னவள் நான். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

ஸ்டூடியோ டீச்சர் ஸாதனாவைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பெண்தான். ஆனால் கல்லூரிப் பெண்களுக்கு நடுவில் பொன்மணி திருதிருவென்று விழித்தாள். "ஓட்டைய அடைக்காதீங்க, அப்படியே விடுங்கன்னு டீச்சர் சொல்றாங்க. கிழிசல் எப்படி நல்லாருக்கும், சேச்சி?" என்று என்னிடம் வந்து கேட்டாள். அதுதான் கலை என்றேன். எனக்கே அது புரிந்திருக்கவில்லை.

கடைசி நாள் எல்லாருடைய வேலையையும் சுவரில் தொங்கவிட்டார்கள். பொன்மணி சணல் துணியை முக்கோணம் முக்கோணமாக வெட்டி, மஞ்சளும் நீலமும் சாயம் தோய்த்து, ஒன்றோடொன்று தைத்து ஆளுயரத்துக்குச் செய்திருந்தாள். பொய் சொல்லவில்லை, அறையிலேயே அதுதான் அழகு. ஸாதனா என் காதருகே வந்து, கடை வேலைக்கு இவளைத்தான் நினைத்திருக்கிறேன் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பார்க்க வந்த ஒரு பெண்மணி, அடியில் தொங்கிய சணல் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சரசரவென்று தையல் முழுதும் உருவிக்கொண்டு வந்தது. முக்கோணங்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. கடைசியில் ஆணியில் ஒரே ஒரு மஞ்சள் துண்டு மிச்சம்.

குடோனில் மூட்டை வாயை அப்படித்தான் தைப்பார்கள். வாங்குகிறவன் கத்தி வைத்தால் சாக்குக் கிழியும், மிளகு சிந்தும். நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் முழுத் தையலும் கழன்று வர வேண்டும். வராவிட்டால் தைத்தவளுக்குத் திட்டு விழும். இருபத்திரண்டு வருஷம் அப்படியே தைத்த கை, இங்கேயும் முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டது.

"ஏன் சேச்சி முடிச்சுப் போடல?" என்று ஸாதனா அவளைக் கேட்டாள்.

"பிரிக்க வேண்டாமா, டீச்சர்?" என்றாள் பொன்மணி.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். முதலில் சிரித்தது நான்தான். பதற்றத்தில் வந்துவிட்டது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சமாதானம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மற்றவர்கள் என்னைத் தொடர்ந்துதான் சிரித்தார்கள். பொன்மணி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

வேலை தன்யா என்ற கல்லூரிப் பெண்ணுக்குப் போனது. மூன்றாம் மாதமே அவள் பெங்களூருக்குப் போய்விட்டாள். பொன்மணிக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதற்கு லாமினேஷன் போட்டுக் கொடுத்தேன். வேறென்ன கிழிக்கத் தெரியும் எனக்கு? இடக்கொச்சியில் மாடத்தி ஒரு துணிக்கடைக்குப் பை தைத்துக் கொடுக்கிற வேலையைப் பிடித்து, அந்த முதல் வகுப்பில் படித்த பதினொரு பேரையும் தன்னோடு வைத்துக்கொண்டாளாம்.

பொன்மணி குடோனுக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் வாசலில் போய் நின்றேன். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் மூன்று தடவை இருமினாள்.

"இடக்கொச்சில புது பேட்ச் ஆரம்பிக்கறா. நானே கூட வந்து சேத்துவிடறேன், வா" என்றேன்.

"தெரியும். மாடத்தி அக்காவே போன் பண்ணுனாங்க" என்றாள். "ஊரே சிரிச்சிருந்தாலும் பொறுத்திருப்பேன், சேச்சி. நீங்க சிரிச்சீங்க. இனி ஊசிய எடுத்துக்கிட்டு இன்னொருத்தர் முன்னால போய் உக்கார என்னால ஆகாது."

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுக்குத் தூசிக்குள் போய்விட்டாள்.