பர்தொலீனோவை எழுதியது நான்

பர்தொலீனோவுக்கு நான் போனதில்லை. போக வேண்டும் என்ற ஆசையும் இப்போது இல்லை. ஆனால் வடக்கு இத்தாலியில், கார்தா என்ற பெரிய ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரை, அங்கே விடுமுறைக்குப் போய்த் திரும்புகிற முக்கால்வாசிப் பேரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து மாதம் அந்த ஊரைப் பற்றி மட்டும்தான் படித்தேன், எழுதினேன். எழுதியதை என்னிடமிருந்து எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். நிதானம் தவறுகிற இடங்களுக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

நான் கொச்சியில் மட்டாஞ்சேரிக்காரி. எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். பள்ளியில் தமிழ் படிக்கவில்லை. கல்லூரி முடித்த பிறகு நானாக உட்கார்ந்து எழுதப் பழகிக்கொண்டேன். என் தகப்பனார், நாங்கள் அத்தா என்போம், பஜார் ரோட்டில் ஒரு மொத்த வியாபாரியின் கிடங்கில் குறுமிளகுக்குத் தரம் பார்க்கிறார். நான் காக்கநாட்டில் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். வெளிநாட்டுச் சுற்றுலாக் கம்பெனிகளுக்கு ஊர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. எழுதுகிற யாரும் அந்த ஊர்களைப் பார்த்தவர்கள் இல்லை. எழுதினவர் பெயர் எங்கும் வராது. இதெல்லாம் தெரிந்துதான் சேர்ந்தேன், அதனால் அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

எங்கள் மேலாளர் பாலக்காட்டுக்காரர். மற்ற எல்லாரிடமும் மலையாளம் பேசுவார், என்னிடம் மட்டும் தமிழ். பர்தொலீனோவை என்னிடம் கொடுத்தபோது கொஞ்சம் தயங்கினார். வைனுக்குப் பேர்போன ஊர், உனக்குச் சங்கடமாக இருக்குமா என்று கேட்டார். நிலமும் சரித்திரமும் நான் எழுதுகிறேன், ருசியைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும் என்றேன். அந்த ஒரு பக்கத்தை என் பக்கத்து மேசையில் இருந்த இளைஞனிடம் கொடுத்தார். மீதி முழுவதும் என் பொறுப்பு.

அந்த ஊரின் கதை பனியில் தொடங்குகிறது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து ஒரு பனியாறு இறங்கி, வழியெல்லாம் பாறையை அரைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. அது தோண்டிய பள்ளம் ஏரியானது. அதன் ஆழமான இடத்தில் தரை கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடுகிறது. பனி உருகிப் பின்வாங்கியபோது, தள்ளிக்கொண்டு வந்த கல்லையும் மணலையும் களிமண்ணையும் கரையோரம் குன்று குன்றாக விட்டுவிட்டுப் போனது. அந்தக் குன்றுகளில்தான் திராட்சைத் தோட்டங்கள். தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும் மண். ஏரி இருப்பதால் குளிர்காலமும் அவ்வளவு கொல்லாது. பனிமலைக்கு அத்தனை பக்கத்தில் ஆலிவ் மரம் நிற்கிறது என்றால் காரணம் அந்தத் தண்ணீர்தான். அங்கே விளையும் கருந்திராட்சையிலிருந்து வருகிற வைன் கனமில்லாதது, வெளிர்சிவப்பு என்று படித்தேன். ருசி எனக்குத் தெரியாது. அந்த நிறம் ஏன் அப்படி என்பதை மண்ணை வைத்துச் சொல்ல எனக்குத் தெரியும்.

காலையில் தோப்பும்படியில் பஸ் பாலம் ஏறும்போது ஜன்னல் வழியே காயல் தெரியும். நான் போனில் ஏரியின் காற்றைப் பற்றிப் படித்துக்கொண்டிருப்பேன். விடிகாலையில் வடக்கிலிருந்து இறங்கும் காற்றுக்குப் பெலேர் என்று பெயர். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து எழுவது ஓரா. மீன்பிடிப் படகுகள் இந்த இரண்டையும் நம்பித்தான் போய் வந்தன. ஏரிக்கரைச் சேற்றில் மரக்கால் நட்டு வீடு கட்டி வாழ்ந்த ஆதி மனிதர்கள், பிறகு ரோமர்கள், கோட்டைச் சுவர் எழுப்பிய வெரோனாப் பிரபுக்கள், அதன் பிறகு சில நூற்றாண்டு வெனிஸ், பிறகு பிரெஞ்சுப் படை, ஆஸ்திரியர்கள், கடைசியில் இத்தாலி. எல்லாவற்றையும் வரிசையாகப் பிடித்துக்கொண்டேன். மிலானோடு நடந்த சண்டையில் வெனிஸ்காரர்கள் போர்க்கப்பல்களை மாடு கட்டி இழுத்து, மலையைத் தாண்டி ஏரியில் இறக்கினார்கள் என்று படித்த அன்று சாப்பாட்டு நேரத்தில் அத்தாவிடம் சொன்னேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் முழுக்கக் கேட்டார். கப்பலை மலையில் ஏற்றும் அளவுக்கு அவர்களுக்கு வசதி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

நல்ல கேள்வி. விடை தேடியபோது அது எங்கள் தெருவுக்கே வந்து சேர்ந்தது. வெனிஸின் செல்வத்தில் ஒரு பெரும் பங்கு மிளகு. அந்த மிளகு மலபார்க் கரையிலிருந்து போனது. அரபு வணிகர்கள் செங்கடல் வழியாக அலெக்சாந்திரியாவுக்குக் கொண்டுபோனார்கள், வெனிஸ் அங்கே வாங்கி ஐரோப்பா முழுக்க விற்றது. போர்ச்சுகீசியர் கடல் சுற்றிக் கொச்சிக்கே வந்து மிளகு ஏற்றத் தொடங்கியதும் வெனிஸ் ஆட்டம் கண்டது. பர்தொலீனோவை ஆண்டவர்களின் பணப்பெட்டியில் எங்கள் மிளகின் வாசனை இருந்திருக்கிறது. இதை எட்டு வரியில் எழுதினேன். அந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த எட்டு வரி அவைதான்.

மேலாளர் அதை வெட்டிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"லீவுக்குப் போறவங்க வாசிக்கறது இது, கேட்டியா. அதுக்குள்ள உன் ஊரை எதுக்குக் கொண்டு நுழைக்கறே?"

நான் நுழைக்கவில்லை, சரித்திரம் அப்படித்தான் இருக்கிறது என்றேன். சரித்திரம் கோட்டையோடும் தேவாலயத்தோடும் இருந்தால் போதும் என்றார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். அந்த எட்டு வரியை அழிக்காமல் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

பக்கங்கள் சுற்றுலாக் கம்பெனிக்கு மிகவும் பிடித்துவிட்டன. யாராவது ஒருவர் ஊரின் வரைபடத்தைக் காட்டி அதே விஷயங்களைப் பேசுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துத் தரச் சொன்னார்கள். நான்தான் பேசுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை பேசிக்கூடப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்து மேசை இளைஞன் பேசப் போகிறான், நீ அவனுக்குச் சொல்லிக்கொடு என்றார். நான் ஏன் பேசக்கூடாது என்று கேட்டேன். பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"அது வைன் ஊரு. தலையில தட்டம் போட்ட ஒரு பொண்ணு வந்து அதைப் பத்திப் பேசினா பாக்கறவங்களுக்கு ஒரு இது வரும். அது சரியாகாது. உனக்கே புரியும்."

எனக்குப் புரியும் என்று அவரே முடிவு செய்துகொண்டார். தலையில் கிடக்கும் இந்தத் துணி, பனியாற்றைப் பற்றி எழுதும்போது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று நாள் அந்த இளைஞனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர்களை எப்படி உச்சரிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று சொல்லிக்கொடுத்தேன். அதை நினைத்தால் மேலாளர் மேல் வருவதைவிட என் மேல்தான் அதிகமாக எரிச்சல் வருகிறது.

மேலாளர் சொன்ன அன்றைக்கே வீட்டில் சொல்லியிருந்தேன். அத்தா கோபப்படுவார், எனக்காகக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்க செஞ்சது நல்லதுதான், மோளே. கள்ளு ஊரைப் பத்தி என் மக வீடியோல நின்னு பேசினா, நான் பள்ளிவாசலுக்குப் போய் எப்படி முகம் காட்டுவேன்?"

"அதே ஊரைப் பத்தி அஞ்சு மாசம் எழுதினேனே, அத்தா. அப்ப ஒண்ணும் சொல்லலையே."

"எழுதினது யாருக்குத் தெரியும்?"

அந்த மேலாளரும் என் தகப்பனும் வாழ்க்கையில் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள். எழுதலாம், தெரியக்கூடாது. அன்றைக்கு அத்தாவுக்கு நான் சாயா போட்டுக் கொடுக்கவில்லை. பத்து நாள் சரியாகப் பேசவும் இல்லை.

வீடியோ வெளியானது. கொஞ்ச நாள் கழித்து அந்தச் சுற்றுலாக் கம்பெனியிலிருந்து ஒரு பெண்மணி கொச்சிக்கு வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதே ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். காக்கநாட்டில் கூட்டம் முடிந்ததும் மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டார். மேலாளர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார், அது என் ஊர் என்பதற்காக. இந்தப் பகுதிப் பெண், வழி காட்டுவாள் என்று அறிமுகம் செய்தார். நான் எழுதுகிறவள் என்று சொல்லவில்லை. முன் சீட்டில் அந்த இளைஞன்.

பஜார் ரோட்டில் இறங்கியதும் மிளகுக் கிடங்கு ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றார் அந்தப் பெண்மணி. உன் அத்தா இருக்கும் கிடங்குக்குப் போகலாம் என்று மேலாளர் என்னைப் பார்த்தார். போனோம். மூட்டைகளுக்கு நடுவில் அத்தா ஒரு முறத்தில் மிளகைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் கையைத் தூசி தட்டி, விருந்தாளியின் உள்ளங்கையில் கொஞ்சம் மிளகைப் போட்டார். அந்தப் பெண்மணி முகர்ந்து பார்த்துச் சிரித்தார். பிறகு அந்த இளைஞன் பக்கம் திரும்பி, என் ஊரைப் பற்றி இத்தனை அக்கறையாக ஒரு அயலார் எழுதி நான் வாசித்ததில்லை, நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அவன் நன்றி என்றான். நிறையப் படித்து எழுதினேன் என்றான். மேலாளர் தலையாட்டினார்.

அந்தப் பெண்மணி சும்மா பேச்சுக்காக, கப்பல்களை மலைமேல் இழுத்த கதை உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டார். அவன் வீடியோவில் வந்ததையே திரும்பச் சொன்னான். அதற்கு மேல் கேட்டபோது மேலாளரைப் பார்த்தான்.

அத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் முகங்கள் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். இந்தப் பையன்தான் இத்தாலியைப் பற்றியெல்லாம் எழுதினானாம், அதற்கு நன்றி சொல்கிறார்கள் என்றேன். அத்தா முறத்தை மூட்டைமேல் வைத்தார்.

"அப்ப நீ எதுக்குச் சும்மா நிக்கறே?"

எனக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. யார் கேட்கிறார் இதை? "தெரியக்கூடாதுன்னு சொன்னது நீங்கதானே?" என்றேன், எல்லாருக்கும் முன்னால். அத்தா கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை.

நான் அந்தப் பெண்மணியிடம் திரும்பினேன். எழுதியது நான் என்றேன். கப்பல் கதை எங்கே கிடைத்தது, ஆற்றிலிருந்து ஏரிக்கு எந்த வழியாக இழுத்தார்கள், ஏரியின் வடக்கு முனையில் எங்கே இறக்கினார்கள், எல்லாம் சொன்னேன். காலைக் காற்றின் பெயரும் மாலைக் காற்றின் பெயரும் சொன்னேன். உங்கள் கையில் இருக்கும் மிளகைப் பற்றியும் எட்டு வரி எழுதியிருந்தேன், அதை வெட்டிவிட்டார்கள் என்றேன். வீடியோவில் நான் ஏன் இல்லை என்பதையும் சொன்னேன். மேலாளர் நடுவில் ஏதோ சொல்ல வந்தார். அந்தப் பெண்மணி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். பிறகு என் பெயரைக் கேட்டு, தன் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். காரில் திரும்பிப் போகும்போது அவர் முன் சீட்டுப் பக்கம் பேசவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் காரில் ஏறவில்லை. வீடு பக்கம்தானே, நடந்தேன்.

மறுநாள் மேலாளர் என்னை உள்ளே அழைத்து, வந்தவர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்றார். யாருடைய மானம் என்று கேட்டேன். அன்றிலிருந்து ஓட்டல் அறைகளைப் பற்றி எழுதும் வேலைக்கு மாற்றினார். கட்டில் அளவு, குளியல் தொட்டி, ஜன்னலிலிருந்து என்ன தெரியும். அந்த இளைஞன் என் மேசைக்கு வந்து, சொன்னபடி செய்தேன், தப்பாக நினைக்காதே என்றான். பேசச் சொன்னார்கள், பேசினாய், ஆனால் எழுதியதும் நீதான் என்று சொல்லச் சொன்னது யார் என்று கேட்டேன். தன் மேசைக்குத் திரும்பிப் போனான். அவன் நல்ல பையன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

அந்தப் பெண்மணி என் பெயரை எழுதிக்கொண்டதோடு நிற்கவில்லை. எழுதினவர் பெயரையும் வெட்டிய வரிகளையும் சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது. பெயர் போடுவது வழக்கமில்லை என்று பதில் போனது. என் எட்டு வரி ஒரு வரியாகி உள்ளே வந்தது. கிழக்கிலிருந்து வந்த வாசனைப் பொருட்களால் வெனிஸ் செழித்தது. அவ்வளவுதான். கிழக்காம். மலபார் இல்லை, கொச்சி இல்லை, மிளகு என்ற சொல்கூட இல்லை. அதை வாசித்த அன்றே ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

அத்தா இப்போது என் மகள்தான் இத்தாலியைப் பற்றி எழுதினாள் என்று கிடங்கில் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்கிறாராம். பள்ளிவாசலிலும் சொல்லியிருக்கிறார், யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இதை அம்மா சந்தோஷமாக என்னிடம் சொன்னாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்றைக்கு அவர் அதைச் சொல்லியிருந்தால் நான் அலுவலகத்தில் அந்த மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க மாட்டேன். இதை அவரிடமே சொன்னேன். "தப்புத்தான், மோளே" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனாலும் ஆறவில்லை.

இப்போது தோப்பும்படியில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் இருக்கிறேன். போன மாதம் மேலாளர் போன் செய்தார். இன்னொரு ஏரி, இன்னொரு ஊர் வந்திருக்கிறதாம், உன்னைப் போல எழுத ஆள் இல்லை என்றார். இந்தத் தடவை பெயர் போடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். வீடியோவில் யார் பேசுவது என்று கேட்டேன்.

"அது பின்னால பாக்கலாம்."

நான் போனை வைத்துவிட்டு, பாதியில் நின்ற கணவாய் மீன் ஏற்றுமதிக் கடிதத்தை எழுதி முடித்தேன்.