தறி நிற்கும் நாள்

சூலூரில் எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் எங்கள் விசைத்தறிக் கூடம். இரவும் பகலும் தறி ஓடும்; அந்தச் சத்தத்தில்தான் தூங்குவோம். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துவார்கள். சத்தமில்லாமல் நான் தூங்கக் கிடைப்பது அந்த ஒரு மதியம்தான். அதையும் என் மனைவி கெடுத்தாள்.

"ஏனுங்க, எந்திரிங்க! மூச்சு நின்னுபோச்சுங்க!"

பதறி எழுந்தேன். எனக்கு ஒன்றுமில்லை. படுத்ததும் மூச்சு மெதுவாக, சீராக வந்ததாம். அப்புறம் தாறுமாறாகி, கொஞ்ச நேரம் வரவே இல்லையாம். கல்யாணமான இத்தனை வருடத்தில் என் மூச்சுச் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டிருக்கிறாள்.

அடுத்த மாதமும் உலுக்கி எழுப்பினாள். எரிச்சல் தாங்காமல் அவளையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். குறட்டை உண்டா, திணறல் உண்டா, பகலில் அசதி உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை.

"கனவு வர்ற நேரத்துல நல்லா இருக்கறவங்களுக்கும் மூச்சு ஏறி எறங்குமுங்க. சில நொடி நின்னுகூட வரும். சகஜந்தானுங்க" என்றார்.

அதற்கடுத்த மாதமும் எழுப்பிவிட்டாள்.

"டாக்டர் சகஜம்னு சொன்னது உன் காதுல ஏறலையா?" என்று கத்தினேன்.

"நூல் அறுந்தாத் தறி நிக்கறதும் சகஜந்தானுங்க. அதுக்கு ஏனுங்க ஒரு தறி நின்னாலே தூக்கத்துல எந்திரிச்சு ஓடறீங்க?"