நான்காவது முளை

வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்துவிட்டார். டேப்பை எடுக்கவில்லை. எத்தனை அடி என்று கேட்கவில்லை. வாசல் காங்கிரீட் முடிந்து மண் தொடங்கும் இடத்தில், முழங்கால்களுக்கு நடுவே கைகளைத் தொங்கவிட்டபடி இருபது நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு முறை பேச்சுக் கொடுத்தேன். இரண்டு முறையும் "இருங்கம்மா" என்றார்.

இந்தப் பகுதியில் அவருக்குக் குந்து மேஸ்திரி என்று பெயர். யாரோ கேலியாக வைத்தது. இப்போது அவரே போனை எடுத்ததும் "குந்து மேஸ்திரி பேசுறேன்" என்கிறார். வீட்டு வாசல், வண்டி நிறுத்தும் தளம், சுற்றுப்பாதை ஆகியவை மட்டுமே அவர் எடுக்கும் வேலைகள். சுவர் கட்டக் கூப்பிட்டால் வரமாட்டார். "செவுரை எல்லாரும் பாப்பாங்க. தரையை யாரு பாக்குறா? அதான் நான் பாக்குறேன்" என்பது அவர் சொல்லும் காரணம்.

கலவை இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவருடைய மைத்துனர். முதல் நாள் அவரும் கூட வந்திருந்தார். "மச்சான் குந்திட்டாரு. நீங்க போய் சமையலை முடிச்சிட்டு வரலாம்" என்று என்னிடம் சொன்னார். மேஸ்திரி திரும்பிப் பார்க்காமலே, "நீ நின்னுக்கிட்டே பாத்துக் கட்டின செவுரு என்னாச்சுன்னு சொல்லட்டுமா?" என்றார். மைத்துனர் வண்டிப் பக்கம் போய்விட்டார்.

வயது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மூக்குக்கண்ணாடியை மட்டம் பார்க்கும் நைலான் நூலிலேயே கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார். சிமென்ட் படாமல் இருக்க, போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டுப் பையோடு காதில் வைத்துப் பேசுவார். தினமும் பதினொரு மணிக்கு அவர் மனைவி கூப்பிடுவார். சாப்பிட்டாயா என்றுதான் கேட்பாராம். "இன்னும் இறுகல" என்று பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். காங்கிரீட் போடுகிற நாளில் அது தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவர் தேநீர்கூடக் குடிப்பதில்லை. முப்பது வருடமாக இந்தப் பதில்தான். போடாத நாளிலும் இதையேதான் சொல்கிறார் என்று மைத்துனர் சொன்னார்.

எங்கள் வீட்டு வேலை சின்னது. வாசலில் கார் நிற்கும் தளத்தை வீட்டின் பக்கவாட்டில் பதினான்கு அடி நீட்ட வேண்டும். அம்மாவுக்குப் போன வருடம் இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. முன்வாசலில் மூன்று படி. பக்கவாசலில் படி இல்லை. கார் பக்கவாசல்வரை போய்விட்டால் அம்மா யார் கையையும் பிடிக்காமல் வீட்டுக்குள் போகலாம். இது அப்பாவின் யோசனை. ஒரு கம்பெனியின் பேருந்தை முப்பத்திரண்டு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய துடைப்பக் கட்டையை நான்காக அறுத்து முளை செய்து, அவரே அடித்து நூல் கட்டினார். ஆள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஒரு மதியம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். முளைகள் நான்கு மாதமாக அப்படியே நின்றன. நூலில் பாசி பிடித்திருந்தது.

மேஸ்திரியிடம் நான் ஒன்றுதான் கேட்டேன். எங்கள் அப்பா குறித்த அளவிலேயே போட வேண்டும். ஒரு அங்குலம்கூட மாறக்கூடாது.

"நாலும் அப்பா அடிச்சதாம்மா?"

"ஆமா."

அவர் எழுந்து ஒவ்வொரு முளையாகப் போய்க் குந்தினார். நான்காவதன் அருகில் அதிக நேரம் இருந்தார். அது பின்பக்கத்து வெளி மூலை, சுவரிலிருந்து தள்ளி இருப்பது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மூணு ஒரு கை. இது வேற கை."

அவர் விளக்கினார். முதல் மூன்றும் நூலின் இழுப்புக்கு எதிர்ப்பக்கமாக லேசாகச் சாய்ந்து நிற்கின்றன. இழுத்துக் கட்டினால் முளை உள்ளே வளையும் என்று தெரிந்தவர்தான் அப்படி அடிப்பார். நான்காவது முளை மட்டும் குத்தென்று நிற்கிறது. நூலின் முனையை எடுத்துக் காட்டினார். இப்போதைய முடிச்சைத் தாண்டி ஓர் இடம் நசுங்கியிருந்தது. முன்பு அங்கே ஒரு முடிச்சு இருந்திருக்கிறது. பின்னாலிருந்த மண்ணை விரலால் கிளறினார். ஒரு ஜாணுக்கு மேல் தள்ளி, பொலபொலவென்று ஒரு குழி விழுந்தது.

"யாரோ மாத்தியிருக்காங்க."

"நான்தான்" என்றேன்.

அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. மற்றவர்களின் தராசு எவ்வளவு தவறு என்று சொல்லிச் சான்றிதழ் கொடுப்போம். அப்பா முளை அடித்த மறுவாரம் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வந்தேன். கை சும்மா இருக்கவில்லை. மூலைக்கு மூலை அளந்து பார்த்தேன். இரண்டு குறுக்களவுக்கும் பதினெட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். நான்காவது மூலை முப்பத்தைந்து சென்டிமீட்டர் வெளியே போயிருந்தது. "என்னப்பா, இது செவ்வகமே இல்லையே" என்று சிரித்தேன். நானே பிடுங்கி, மூலைமட்டம் வைத்துச் சரியான இடத்தில் அடித்தேன். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்குத் தெரியாததா" என்றார். அதன்பின் பத்தொன்பது நாள் உயிரோடு இருந்தார். போனில் பல தடவை பேசினோம். முளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மேஸ்திரி கேட்டுக்கொண்டார். என் கணக்கைத் தப்பு என்று சொல்லவில்லை.

"உங்க அளவு சரிதாம்மா. ஆனா மூணை இவ்வளவு சுத்தமா அடிச்ச மனுஷன் நாலாவதைச் சும்மா தள்ளி அடிக்கமாட்டாரு. எதுக்கோ அடிச்சிருக்காரு. அது தெரியாம நான் காங்கிரீட்டுக்கு ஓரப் பலகை கட்டமாட்டேன்."

அன்று அதோடு கிளம்பிவிட்டார். மறுநாள் வந்தார், குந்தினார், போனார். அதற்கு மறுநாளும் அப்படியே. வேலைக்கு அழைத்த ஆள் வேலையை ஆரம்பிக்காமல் எங்கள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பது பக்கத்து வீட்டுக்கு வேடிக்கையாகிவிட்டது. என் விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. என் கோட்டிலேயே போடுங்கள் என்று ஒரு தரம் சொல்லியும் பார்த்தேன். அது அப்பா அளவு இல்லையே என்றார். நான் கேட்டதையே எனக்குத் திருப்பிச் சொன்னார்.

நான்காம் நாள், "வண்டியை எடுத்து மண்ணுமேல விடுங்க" என்றார். "அப்பா எப்படி விடுவாரோ அப்படி."

அப்பாவின் காரில் ஏறினேன். இருக்கை அவர் காலுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. அதை நகர்த்தவில்லை. நுனிக்காலால் மிதித்து மெதுவாக உள்ளே விட்டு, பக்கவாசலுக்கு நேராக நிறுத்தினேன். மேஸ்திரி வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் வண்டியில ஏறி உட்காந்து இறங்கிக் காட்டுறீங்களா?" என்று கேட்டார்.

அம்மா ஊன்றுகோலோடு வந்தார். சுவர்ப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன், இறங்கினால் வாசல் நேர் எதிரே. அம்மா நின்றுவிட்டார்.

"அந்தப் பக்கம் ஏற மாட்டேனே. இந்தக் கால் மடங்காது. எப்பவும் வெளிப்பக்கம்தான்."

எனக்கு அது தெரியாது. வாரம் இரண்டு முறை அம்மாவை உடற்பயிற்சிக்கு அழைத்துப்போனவர் அப்பா. நான் இங்கே வந்திருக்கும் நாட்களில் காரை விட்டு இறங்கி உள்ளே வந்த அம்மாவைத்தான் பார்த்திருக்கிறேன். இறங்குவதைப் பார்த்ததில்லை.

அம்மா வெளிப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். மேஸ்திரி கதவுக்கு எதிரே, மண்ணோடு மண்ணாகக் குந்தி, தரையை மட்டும் பார்த்தார். அம்மா கதவை முழுக்கத் திறந்தார். வலிக்கும் காலை மடக்காமல், நீட்டியபடி வெளியே கொண்டுவந்து, எட்டி ஊன்றினார். அதற்கும் அப்பால் ஊன்றுகோலை வைத்தார். பிறகு எழுந்தார்.

மேஸ்திரி கையில் இருந்த சுண்ணாம்புத் தூளைக் காலைச் சுற்றியும் கோலைச் சுற்றியும் தூவினார். அம்மா நகர்ந்ததும் இரண்டு வெள்ளை வளையம் தெரிந்தது. இரண்டுமே என் நூலுக்கு வெளியே, வெறும் மண்ணில். பழைய குழியிலிருந்து அவர் ஒரு நூலைப் பிடித்துக் காட்டினார். இரண்டும் உள்ளே வந்தன. ஊன்றுகோலுக்கு அப்பால் நான்கு விரல் மிச்சம் இருந்தது.

"அண்ணன் வண்டியை அளக்கலம்மா" என்றார். "இறங்குறதை அளந்திருக்காரு."

நான் அம்மாவைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? என்னை ஒரு பத்து தடவை ஏறி இறங்கச் சொன்னாரு, அவ்வளவுதான். இந்த மனுஷனுக்கு வேற வேலை இல்லன்னு நினைச்சேன்." அம்மா சாய்ந்து நின்று மூச்சு வாங்கினார். "நீ போன அன்னிக்குச் சாயங்காலம் சுத்தியல எடுத்துக்கிட்டுப் போனாரு. அப்புறம் அப்படியே திரும்பி வந்துட்டாரு. பொண்ணு வெயில்ல நின்னு அளந்து அடிச்சிட்டுப் போயிருக்கு, இருக்கட்டும், பலகை கட்டுறப்ப நான் பாத்துக்குறேன்னாரு."

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். பிறகு மைத்துனரைக் கூப்பிட்டு, பலகை இறக்கச் சொன்னார்.

வழக்கமாக அவர் வீட்டுக்காரர்கள் அடித்த முளைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தம்முடைய இரும்புக் கம்பிகளைத்தான் அடிப்பார். மொத்தம் பன்னிரண்டு கம்பிகள். வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, வாய்விட்டு எண்ணிப் பையில் போடுவார். ஒன்றுகூட விட்டுவிட்டுப் போனதில்லை. முளை நிற்கிற இடத்தில் தன் வேலை பாக்கி நிற்பதுபோல இருக்கும் என்று சொல்வார். அன்றும் அப்பாவின் முளைகளில் மூன்றைப் பிடுங்கினார். நான்காவதை என் இடத்திலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். பழைய குழியில் வைத்து அடித்தேன். "நெட்டுக்குத்தா வேண்டாம். வெளிப்பக்கமா கொஞ்சம் சாய்ச்சு அடிங்க. இன்னும் கொஞ்சம். ம்" என்றார்.

காங்கிரீட் போட்ட நாள் அதிகப் பேச்சு இல்லாமல் கழிந்தது. அவரே முழங்கால் போட்டு மட்டப்பலகை இழுத்தார். பழைய தளத்தோடு சேரும் இடத்தில் ஒரு விரல் இடைவெளி விட்டார். சேர்த்துப் போட்டுவிடலாமே என்று கேட்டேன். "பழசு இறுகி எத்தனையோ வருஷம் ஆச்சு. புதுசு இனிமேதான் சுருங்கும். ஒட்டினா ரெண்டும் விரிசல் விடும்" என்றார். பதினொரு மணிக்குப் போன் வந்தது. இன்னும் இறுகல என்றார். அன்று அது உண்மை.

அடுத்த ஏழு நாளும் ஈரச் சாக்கு. எங்களை நம்பாமல் தினமும் காலையில் வந்தார். சாக்கின் ஓரத்தைத் தூக்கி, காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையைத் தளத்தின்மேல் வைப்பார். "அக்கா, நேத்து சாயங்காலம் தண்ணி குடிக்கலையே இது" என்பார். நான்கு மாதமாக யாரோடும் அதிகம் பேசாத அம்மா, பக்கவாசலில் நாற்காலி போட்டு, குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அவரோடு வாதாடினார். நான் ஊருக்குத் திரும்பிய பிறகும் அம்மா போனில் சொன்ன செய்தி இதுதான். இன்றைக்குக் குடித்தது, இன்றைக்கு மேஸ்திரி திட்டினார்.

மூன்று வாரம் கழித்து வந்தேன். அதுவரை யாரும் மிதிக்காமல் இருக்கக் கம்பிகளையும் சுற்றி நூலையும் விட்டுவைத்திருந்தார். அன்று நூலை அவிழ்த்தார். காரை உள்ளே விட்டேன். இருக்கையை இன்னும் நகர்த்தவில்லை. அம்மா வெளிப்பக்கத்துக் கதவைத் திறந்தார். நீட்டிய கால் காங்கிரீட்டில் ஊன்றியது. ஊன்றுகோல் அதற்கு அப்பால், அதுவும் காங்கிரீட்டில். எழுந்து, காரைச் சுற்றி நடந்து, பக்கவாசல் வழியாக வீட்டுக்குள் போனார். யார் கையையும் பிடிக்கவில்லை. உள்ளே போனதும் வழக்கம்போல, "வண்டியைப் பூட்டிட்டு வாங்க" என்று குரல் கொடுத்தார். பிறகு சத்தமில்லை.

மேஸ்திரி பையை எடுத்துக்கொண்டு கம்பிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். தட்டினார், எண்ணினார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. கடைசி மூலைக்கு வந்தபோது துடைப்பக் கட்டை முளை ஒன்று நின்றது. குந்தினார். பிடித்து ஆட்டிப் பார்த்தார். லேசாக அசைந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு, அதைச் சுற்றி மண்ணைக் கூட்டிக் குதிகாலால் இறுக மிதித்தார். முளையின் தலையில் தெறித்துக் காய்ந்திருந்த சிமென்டைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பிறகு செருப்பைத் தேடிப் போனார்.