குதி இல்லாத சொக்ஸ்

பஸ்ஸில் பின்னிக்கொண்டு போவது எனக்கு வழக்கம். கண்டாவளையிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ் குலுக்குகிற குலுக்கலில் எதையும் வாசிக்க முடியாது. பின்னலுக்குக் கண் தேவையில்லை, கை போதும். ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் சும்மா இருக்க விடமாட்டார்கள். ஒருநாள் ஓர் அம்மா எட்டி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“என்ன பிள்ளை பின்னுறியள், தொப்பியோ?”

“சொக்ஸ் அம்மா.”

“குதியைக் காணேல்லை?”

“குதி இல்லாத சொக்ஸ்.”

“மற்றச் சோடி?”

“சோடியும் இல்லை.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அவருக்கு விளங்கிவிட்டது. வன்னியில் இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. “எங்கடை மருமோனுக்கும் ஒண்டு பின்னித் தருவியளோ? அவருக்கு வலது கால்” என்றார். வலது இடது எல்லாம் இதற்கு ஒன்றுதான் என்று சொல்லி, அளவை மட்டும் கேட்டேன்.

பொய்க்காலின் மேற்பக்கம் ஒரு குவளை மாதிரி இருக்கும். வெட்டுப்பட்ட கால் அதற்குள் இறங்கி நிற்கவேண்டும். வெறும் தோலோடு இறங்கினால் வேர்வையும் உரசலும் சேர்ந்து புண்ணாக்கிவிடும். அதனால் ஒரு பக்கம் மூடிய பை மாதிரிப் பருத்தி நூலில் ஓர் உறை வேண்டும். காலையில் ஒன்று போட்டால், கால் வற்றி இளகும் பின்னேரத்தில் மேலே இன்னொன்று போடவேண்டும். கடையிலும் கிடைக்கும், ஆனால் கடைக்காரனுக்கு ஒவ்வொருவர் காலும் தெரியாது. எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மனையியல் பாடத்துக்காகப் பின்னப் பழகியவள் நான். அப்போது பின்னிய குழந்தைச் சொக்ஸுக்கு ரீச்சர் நல்ல புள்ளி போட்டார். இந்த வெயிலில் எந்தக் குழந்தைக்கு அதைப் போடுவது என்று அம்மா கேட்டார். 

சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பெண்கள் கூடுவோம். நான் சொக்ஸ் பின்னுவேன், மற்றவர்கள் பழஞ்சீலைகளை வெட்டி ஒட்டிப் போர்வை தைப்பார்கள். சில போர்வைகள் முதியோர் இல்லத்துக்குப் போகும். பெரும்பாலானவை ஆசுப்பத்திரியில் பிள்ளை பெற்ற, கையில் ஒன்றும் இல்லாத தாய்மாருக்கு. பிறந்த பிள்ளைக்கு நாங்கள் புதுத்துணி போடுவதில்லை, நாள்பட்ட சீலைதான் மெத்தென்று இருக்கும். ஆனால் தருமம் என்றதும் சிலருக்குக் கை தாராளமாகிவிடும். ஒரு வீட்டிலிருந்து சரிகை வைத்த கூறைச்சீலை வந்தது. பிள்ளையின் தோலை அந்தச் சரிகை உரித்துவிடும் என்று திருப்பிக் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரி இன்றுவரை என்னோடு கதை இல்லை.

எங்களில் நுணுக்கமாகத் தைப்பவள் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண். மார்கழி விடியலில் நாங்கள் போர்த்துக்கொண்டு நடுங்கினால் சிரிப்பாள். “இதெல்லாம் ஒரு குளிரா அக்கா? எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துல வந்து ஒரு ராத்திரி இருந்து பாருங்க” என்பாள்.

வெளிநாட்டிலிருந்தும் உதவி வரும். ஒருமுறை ஒரு பெரிய பெட்டி வந்தது. திறந்தால் தடித்த கம்பளிச் சொக்ஸ், சோடி சோடியாக, ஒவ்வொரு சோடியும் வடிவான நாடாவால் கட்டப்பட்டு. கால் இழந்தவர்களுக்கு அன்புடன் என்று எழுதியும் இருந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு ஒருத்தி தொடங்க, எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பின்னியவர்கள் நல்ல மனத்தோடுதான் பின்னியிருக்கிறார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். பிரித்து, அந்தக் கம்பளி நூலில் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தொப்பி பின்னினோம்.

இந்த வேலையை நான் தருமத்துக்காகத் தொடங்கவில்லை, என் தம்பிக்காகத் தொடங்கினேன். அவனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சண்டை நேரம் எறிகணைச் செல் விழுந்து போனது. அடுத்த வளவில்தான் அவனும் மச்சாளும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவன் பெண்சாதி எனக்கு மச்சாள், நான் அவளுக்கு மச்சாள். எங்கள் பக்கத்தில் இருவருமே ஒருவரை ஒருவர் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மீள்குடியேறி வந்த புதிதில் தம்பி வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். காலையில் உட்கார்ந்தால் பொழுதுபடத்தான் எழும்புவான். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவான், கேட்டால் பதில் சொல்வான். அவ்வளவுதான். உயிரோடு இருக்கிற ஒருவனை இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதை விடக் கொடுமை இல்லை. பொய்க்கால் பழகி, என் சொக்ஸைப் போட்டுக்கொண்டு, குத்தகை முடிந்து திரும்பின வயலின் வரம்பில் ஏறி நின்ற அன்று அவன் என்னைத் திட்டினான். தண்ணீர் மடையை நான் பிழையாகக் கட்டிவிட்டேனாம். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அதன்பிறகு ஒரு போகமும் அவன் விடவில்லை. இந்த வருடம் சிறுபோக விதைப்பில், வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், தம்பி பனையோலைக் கடகத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நெல் எறிந்து நடப்பதைப் போனில் வீடியோ எடுத்துப் போட்டார். அது எங்கெங்கோ சுற்றியது. ரெண்டு கால் உள்ளவனே இவரிடம் தோற்றுப்போவான் என்று முன்பின் தெரியாத ஆட்களெல்லாம் எழுதினார்கள். நான் அதைச் சந்தையிலும் பஸ்ஸிலும் ஆட்களுக்குக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

மாரிமழைக்கு விதைக்கிற காலபோகம் நெருங்கும்போதுதான் அவன் நடை மாறியது. நொண்டினான். பிறகு ஊன்றுதடியை எடுத்தான். கழற்றிக் காட்டச் சொன்னேன். காலின் நுனியில் புண். காய்ந்து வரும், பொய்க்காலைப் போட்டதும் திரும்ப உடையும். பொய்க்கால் செய்யுமிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்தவர் எல்லாம் தட்டிப் பார்த்து, “பொய்க்காலிலை பிழை இல்லை அம்மா, ஒருக்கா சொக்ஸைப் பாருங்கோ” என்றார்.

என் சொக்ஸையா!  கோபத்தில் பின்னினால் எனக்குக் கண்ணி இறுகிப்போகும், ஆகவே தேத்தண்ணி குடித்து ஆறிவிட்டுத்தான் ஊசியை எடுத்தேன். இன்னும் மெல்லிய நூல் வாங்கினேன். நாலு ஊசியில் வட்டமாகப் பின்னி, நுனியில் ஒரு தையலும் வராமல் முடித்தேன். கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், பிள்ளைக்குப் போடலாம் போல இருந்தது. மச்சாளிடம் கொடுத்தேன், அவள்தான் அவனுடைய சொக்ஸ் எல்லாம் தோய்த்து எடுத்து வைப்பவள்.

அதுவும் சரிவரவில்லை. அதே இடத்தில் அதே புண்.

முதல் மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம் தம்பி சொன்னான், “அக்கா, இந்த முறை வயலைக் குத்தகைக்குக் குடுக்கலாம் எண்டு பாக்கிறன். ஆள் கேட்டுக்கொண்டு இருக்குது. நாளையிண்டைக்குச் சொல்லவேணும்.” அவன் வாசல் கதிரையில் இருந்துதான் அதைச் சொன்னான்.  வயல் போனால் நெல் வாங்கிச் சாப்பிடலாம். அவன் திரும்பவும் அந்தக் கதிரைக்குள் போய்விட்டால் நான் எங்கே போய் ஆளை வாங்குவேன்?

அப்போது மழை பிடித்துக்கொண்டது. கொடியில் அவனுடைய சொக்ஸ் காய்ந்துகொண்டிருந்தன. ஓடிப்போய் அள்ளிக்கொண்டு தாழ்வாரத்துக்குள் வந்தேன். என் பின்னலில் எங்கே பிழை என்று பார்த்தேயாகவேண்டும் என்று ஒன்றைப் புறம் திருப்பி, விரலால் கண்ணி கண்ணியாகத் தடவினேன். நுனியில் ஏதோ கடினமாக நெருடியது. முள் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கறுப்பு நூல். இறுக்கிப் போட்ட முடிச்சுகள், ஒன்றன்மேல் ஒன்று, மிளகளவில். மற்றதைத் திருப்பினேன், அதிலும் இருந்தது. நான் புதிதாகப் பின்னிக் கொடுத்ததிலும் இருந்தது.

மச்சாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சொக்ஸ்களை அவள் முன்னால் போட்டேன்.

“என்ன இது?”

அவள் பார்த்தாள். துருவுவதை நிறுத்தவில்லை.

“கோயிலிலை ஓதுவிச்ச நூல் மச்சாள்.”

“ஓதுவிச்ச நூலை ஆரும் சொக்ஸுக்குள்ளை தைப்பினமோ? அவன்ரை காலைத் தின்னுறதே இதுதான்! நான் என்ரை பின்னல் பிழை எண்டு நூல் மாத்தி ஊசி மாத்திக் கிடந்து சாகிறன், நீ சத்தம் போடாமல் இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறாய்!”

“இதாலை எண்டு எனக்குத் தெரியாது மச்சாள். சத்தியமாத் தெரியாது.” அவள் கை நின்றுவிட்டது. “நாவூறு பட்டுத்தான் புண் எண்டு நினைச்சன். அதுதான் இன்னும் ரெண்டு முடிச்சுக் கூடப் போட்டனான்.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது. புண் பெருக்கப் பெருக்க முடிச்சைக் கூட்டியிருக்கிறாள்.

“அந்த வீடியோ வந்த நாள் தொடக்கம் எனக்கு நெஞ்சு படபடப்பு. உலகமெல்லாம் அவரின்ரை நடையைப் பாத்துக் கண் வைச்சிட்டுது. வெளியிலை கட்டினால் அவர் அறுத்துப் போடுவார், உதிலை அவருக்கு நம்பிக்கை இல்லை. அதுதான் உள்ளை தைச்சனான்.”

“படிச்ச மனிசி நீ, உனக்கு என்ன விசர் இது?”

அவள் துருவுபலகையை விட்டு எழும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு எங்கடை மூத்தவளின்ரை காலிலை கறுப்பு நூல் கட்டினனான். இவருக்கும் கட்டக் குனிஞ்சனான். ‘விடு, என்ரை காலை ஆர் பாக்கப்போகினம்’ எண்டு சிரிச்சவர். நானும் விட்டிட்டன். முதல் காலுக்கு நான் ஒண்டும் கட்டேல்லை மச்சாள்.”

 நூலுக்கும் செல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இத்தனை வருடமாக ஒரே வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறோம், ஒருநாளும் அவள் இதைச் சொன்னதில்லை. நானும் அவள் மனத்தில் என்ன கிடக்கிறது என்று கேட்டதில்லை.  அவள் முகத்தைத் துடைத்துவிட்டுத் தேங்காய்ப்பூவை எடுத்து வைத்தாள்.

கத்திரிக்கோலையும் சொக்ஸ்களையும் எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். தம்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் கதை முழுவதும் அவனுக்குக் கேட்டிருக்கும். சொக்ஸை அவன் மடியில் போட்டேன்.

“உனக்கு இது நெருடேல்லையே?”

“நெருடினது.”

“திருப்பிப் பாக்கேல்லையே?”

“பாத்தனான்.”

“பாத்திட்டே குத்தகைக்குக் குடுக்கப் போறன் எண்டு நிண்டனீ? வாயிலை என்ன கொழுக்கட்டையே? ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ?”

அவன் குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு சத்தத்தைக் குறைத்துச் சொன்னான்.

“அவ முந்தி இரவிலை எழும்பி எழும்பி என்ரை மற்றக் காலைத் தடவிப் பாப்பா, அக்கா. நான் நித்திரை மாதிரிக் கிடப்பன். இத்தனை வருசமும் அப்பிடித்தான். இதைத் தைச்ச பிறகுதான் அவ விடியுமட்டும் நித்திரை கொள்ளுறா.”

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அவன்மேல் கோபம் வந்தது, அவள்மேல் கோபம் வந்தது, இருவரையும் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலவும் வந்தது. கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிப் போனேன்.

“மச்சாள், அந்த நூல் மிச்சம் கிடக்கோ?”

இருந்தது. அலுமாரியில் திருநீற்றுப் பொட்டலத்தோடு சேர்த்துச் சுற்றி வைத்திருந்தாள். அன்று பின்னேரமே ஒரு புதுச் சொக்ஸைத் தொடங்கினேன். சொக்ஸின் மேல் விளிம்பு குவளைக்கு வெளியே, தொடையில் மடிந்து நிற்கும், அங்கே ஒன்றும் உரசாது. அந்த விளிம்பில் வெள்ளை நூலோடு கறுப்பு நூலையும் சேர்த்து ஒரு சுற்றுப் பின்னினேன். முடிச்சு இல்லை. மச்சாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கை இல்லாதவள் பின்னினால் பலிக்குமோ என்று கேட்டாள். நூல் ஓதினதுதானே, என் கைக்கு என்ன என்றேன். யோசித்துவிட்டு, சரி என்றாள். பழையவற்றில் இருந்த முடிச்சுகளை அவளே வெட்டி எடுத்தாள்.

குத்தகை கேட்டவருக்குத் தம்பி இல்லை என்று சொல்லியனுப்பினான். புண் ஆற நாள் எடுத்தது. எங்கள் விதைப்புத்தான் அந்த வட்டத்தில் கடைசி. அக்கம் பக்கத்து வயல்களில் முளை வந்துவிட்டது. உங்கள் வயலுக்கு நல்லநாள் இனித்தானோ என்று ஆட்கள் பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும்.

விதைப்பன்று காலை வெளித்ததும் நான் தேத்தண்ணிப் போத்தலோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பொய்க்கால் இல்லை, நெற்கடகம் இல்லை. தம்பி எப்போதோ வயலுக்குப் போய்விட்டான். கதவு திறந்து கிடந்தது. விதைப்பு நாளில் எல்லோருக்கும் முன்னால் எழும்பி அடுப்பு மூட்டுகிறவள் மச்சாள். பாயில் ஒருக்களித்து, நாங்கள் தைத்த பழஞ்சீலைப் போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்க நித்திரை கொண்டிருந்தாள்.

நான் எழுப்பவில்லை. அடுப்பை நானே மூட்டினேன்.