இழுப்பறையில் கிடந்த சட்டம்

நான் முட்டாள். முதலில் இதை எழுதிவிடுகிறேன். பாதியில் பயந்து ஓடிவிட்டாலும் இவ்வளவாவது உங்கள் கையில் நிற்கும். அடுத்தது பாவம்: ஒரு சட்டத்தை நான் ஒளித்து வைத்தேன்.

ஈப்போவிலிருந்து மாட்டுவண்டியில் அரை நாள் தூரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ஆபீசில் எழுதுகிற கிராணி நான். துரையின் ஆங்கிலத்தைத் தமிழாக்குவது என் வேலை. ஆட்களைச் சிரிக்க வைப்பது நானாக எடுத்துக்கொண்ட வேலை.

சொல்லாமல் வேலையை விட்டுப் போனவனைப் போலீஸ் பிடித்துப் பத்து காஜா ஊர் ஜெயிலில் போட்ட காலம் அது. நான் ரப்பர்ப் பால்வாளியைத் தலையில் கவிழ்த்து, மாஜிஸ்திரேட்டைப் போல மூக்கால் பேசி, "ஒரு மாசம் உள்ளே" என்று தீர்ப்புச் சொல்வேன். ஆட்கள் குடியிருந்த லயமே சிரிக்கும். சிரித்தபடியே பயப்படும். அந்தப் பயம் துரைக்குப் பிடித்திருந்தது... எனக்குந்தான்.

பிறகு சட்டம் மாறியது. வேலையை விட்டுப் போவது இனிக் குற்றமில்லை, அதற்காக எவரையும் ஜெயிலில் போட முடியாது என்று காகிதம் வந்தது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தி நான் அதைத் தமிழில் வாசிக்க வேண்டும்.

"அவசரமில்லை" என்றார் துரை.

"அவசரமே இல்லை துரை" என்று நான் அதை இழுப்பறையில் போட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

முத்தையன் ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரன். அவன் மனைவி அஞ்சலையைக் காய்ச்சலோடு பத்து காஜா ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் வண்டிக்காரன் வந்து, அவள் புருஷனையே கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றான். துரை விடுப்புத் தரவில்லை. முத்தையன் என் ஜன்னலுக்கு வந்தான்.

"ஐயா, சொல்லாமப் போனா புடிச்சிருவாங்களா?"

இழுப்பறை என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் துரை இருமினார். நான் என்ன செய்தேன் தெரியுமா உங்களுக்கு? வேடிக்கை பேசினேன்.

"போயேன் லா. ஆஸ்பத்திரியும் ஜெயிலும் ஒரே ஊருலதானே இருக்கு. புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணா இருந்த மாதிரி ஆச்சு."

அவன் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகவும் இல்லை.

அஞ்சலை இறந்து, ஆஸ்பத்திரிக்காரர்களே புதைத்து முடித்த பிறகுதான் சேதி வந்தது.

அடுத்த மாதம் தொழிலாளர் இலாகாவிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி தோட்டம் பார்க்க வந்தார். புதிய சட்டம் இவர்களுக்குத் தெரியுமா, கேட்டுச் சொல் என்றார் என்னிடம். துரை என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் சௌக்கியமான்னு ஐயா கேக்குறாரு" என்றேன், வரிசையைப் பார்த்து.

தலைகள் ஆடின. முத்தையன் தலையும் ஆடியது...

அன்று பிடித்தது எனக்குப் பயம். பக்கத்துத் தோட்டத்து ஆள் யாராவது வந்து சட்டத்தைச் சொல்லிவிட்டால்? முத்தையன் கையிலிருக்கும் பால்வெட்டுக் கத்தியைக் கண்டால் என் கழுத்து தானாக உள்ளே போனது. ஆமையாகப் பிறந்திருக்கலாம்; அதற்குக்கூட முதுகு கெட்டியாக இருக்க வேண்டுமே.

சென்ற வாரம் நானே அவன் பால்வெட்டும் மர நிரைக்குப் போனேன். மனச்சாட்சியா? அப்படி எழுதத்தான் ஆசை. இல்லை... பிறர் வாயால் அவன் கேட்பதற்குமுன் என் வாயால் கேட்டால் உயிர் தப்பலாம் என்ற கணக்குத்தான். கத்திக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு எல்லாம் சொன்னேன். காகிதம், துரையின் இருமல், சௌக்கியம் கேட்டது, எல்லாம். இழுப்பறை இன்னும் பூட்டித்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை.

முத்தையன் வெட்டிக்கொண்டிருந்த பட்டையை முடித்தான். கீழே பால் வடியும் கோப்பையைச் சரியாக வைத்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மத்தவங்களுக்குச் சொன்னியா?"